பாட்டி வைத்தியம் என்ற பெயரில் நாய்க்கு எண்ணெய் தடவுகிறவர்களுக்கு

இந்த முறை கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். கோபப்பட்டாலும் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஒவ்வொரு வருடமும் திங்ஜான் முடிந்து மழை பிடிக்கும் நேரத்தில் நம் யாங்கூன் தமிழ்ப் பிள்ளைகளின் பேஸ்புக், வைபர் குழுக்களில் ஒரே மாதிரியான பதிவுகள் சுற்ற ஆரம்பிக்கும். "நாய்க்கு உண்ணியா? கெமிக்கல் வேண்டாம். வேப்பெண்ணெயில் சூடத்தைப் பொடித்துக் கலந்து தடவுங்க." "சோற்றில் ரெண்டு பல் பூண்டு பிசைந்து கொடுங்க, ரத்தம் கசந்து உண்ணி ஓடிடும்." "டீ ட்ரீ ஆயில் நாலு சொட்டு கழுத்தில் விடுங்க." கீழே வரிசையாக ஹார்ட். அதற்கும் கீழே ஒருத்தர் தவறாமல் வந்து எழுதுவார்: "நம்ம பாட்டி வைத்தியம்டா, வெள்ளைக்காரனுக்கு இப்பத்தான் தெரியுது."

பாட்டி மேல் இருக்கிற மரியாதையோடுதான் சொல்கிறேன், இது பாட்டி வைத்தியம் இல்லை. பாட்டி பெயரைச் சொல்லிச் சோம்பலுக்கு ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்வது. இதில் கஷ்டப்படுவது நீங்கள் இல்லை, வாய் பேச முடியாத ஒரு ஜீவன்.

மேலே போவதற்கு முன் இரண்டு சொற்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் எல்லாவற்றையும் "பூச்சி" என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்ணி வேறு, தெள்ளு வேறு. உண்ணி எட்டுக்கால் பிராணி, சிலந்தியின் சொந்தக்காரன். தோலில் வாயைப் புதைத்துக்கொண்டு நாள்கணக்கில் ரத்தம் குடித்து, கொட்டைமுத்து போல உப்பும். தெள்ளு ஆறுகால் பூச்சி. சிறியது, பழுப்பு நிறம், தட்டையானது, பிடிக்கப் போனால் குதித்து ஓடும். இரண்டுக்கும் பழக்கம் வேறு, வாழ்கிற முறை வேறு. அதனால் இரண்டையும் ஒரே எண்ணெய் விரட்டும் என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

உண்ணி என்றால் வெறும் அரிப்பு இல்லை

"உண்ணிதானே, தெரு நாய் எல்லாம் சுமந்துகிட்டுத்தானே திரியுது" என்று ஒரு நண்பர் சொன்னார். தெரு நாய் சுமக்கிறது, உண்மைதான். தெருவில் செத்துப்போன நாய்கள் என்ன நோயில் செத்தன என்று யார் கணக்கு எடுத்தார்கள்?

உண்ணி கடிப்பதால் மட்டும் நாய் சாவதில்லை. உண்ணி உமிழ்நீரோடு சேர்த்துச் செலுத்தும் கிருமியால் சாகிறது. இதில் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. நாயின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும் ஒரு ஒட்டுண்ணிக்கு பபீசியா கிப்சோனி என்று பெயர். அதை முதன்முதலில் பேட்டன் என்பவர் 1910இல் விவரித்தார். எங்கே? மெட்ராஸில். அங்கிருந்த வெள்ளைக்காரர்களின் வேட்டைக் குழுவான மெட்ராஸ் ஹன்ட் வைத்திருந்த நாய்களின் ரத்தத்தில். பிறகு நரியின் ரத்தத்திலும் அதே கிருமி இருந்தது. நம் தாத்தாக்கள் கப்பல் ஏறி ரங்கூனுக்கு வந்துகொண்டிருந்த காலத்திலேயே அந்த மண்ணில் இருந்த நோய் இது.

இன்னொரு கிருமி எர்லிக்கியா. 1935இல் அல்ஜீரியாவில் கண்டுபிடித்தார்கள். 1963இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நாய்களிடம் தலைகாட்டியது. அதன் பிறகு வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் கொண்டு வந்த ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் நூற்றுக்கணக்கில் இதே நோயில் மடிந்தன. மூக்கில் ரத்தம் ஒழுகி, எலும்பு மஜ்ஜை வேலை செய்யாமல் போய்ச் செத்தன. தனி மருத்துவர்கள், தனிப் பராமரிப்பாளர்கள் இருந்த நாய்களுக்கே அந்தக் கதி. நடந்த இடம் நமக்குத் தூரம் இல்லை. இதே வெயில், இதே மழை, இதே பழுப்பு நாய் உண்ணி.

எங்கள் கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு குடும்பம். அவர்கள் நாய் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உண்ணி இருக்கிறது என்று தெரியும். தினமும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தபோது ஈறு வெளுத்து, வெற்றிலைக் காம்பு போல இருந்தது. வயிற்றில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. மறுநாள் மூக்கில் ரத்தம். கால்நடை மருத்துவர் பார்த்தபோது தட்டணு எண்ணிக்கை அடிமட்டத்தில். மூன்றாம் நாள் போய்விட்டது. அந்த அக்கா அழுதுகொண்டே கேட்டார், "தினமும் தடவினேனே தம்பி, ஒரு நாள்கூட விடலையே." அவருடைய அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு வாரம் எண்ணெய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையிலேயே போய்விட்டது. எர்லிக்கியா ஆரம்பத்தில் தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையில், சுமார் நாலு வாரத்தில் பெரும்பாலும் குணமாகிற நோய்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வேலை செய்யாத மருந்து வெறுமனே வேலை செய்யாமல் இருப்பதில்லை. "ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்" என்ற நிம்மதியைக் கொடுத்து, உண்மையில் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட வைக்கிறது.

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்

பூண்டு. வெங்காயம், பூண்டு இரண்டும் ஒரே குடும்பம். அவற்றில் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு ஆய்வு 2000இல் வெளிவந்தது. நாயின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் பூண்டுக்குச் சமமான சாறு, தொடர்ந்து 7 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். சிவப்பணுக்கள் உருக்குலைந்து, எண்ணிக்கையும் குறைந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் அது பெரிய அளவு. 10 கிலோ நாய்க்கு நாளுக்கு 50 கிராம். இரண்டு பல்லில் நாய் செத்துவிடாது. என் கேள்வி வேறு. பூண்டு தின்ற நாயை உண்ணி கடிக்காது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் எங்கே? லாபம் பூஜ்யம், ஆபத்து கொஞ்சம் என்றால், அந்தக் கணக்கை எந்தப் புத்திசாலி போடுவான்? ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்த நாய்க்குச் சிவப்பணுவைச் சிதைக்கும் பொருளையே ஊட்டுவது எப்படி வைத்தியமாகும்?

டீ ட்ரீ ஆயில். இது நம் பாட்டிக்குத் தெரியவே தெரியாது, ஆஸ்திரேலிய மரம். எப்படியோ அதுவும் "நம்ம வைத்தியம்" பட்டியலில் சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் விலங்குகளின் நச்சுப் பாதிப்புகளைப் பதிவு செய்யும் மையத்துக்கு 2002 முதல் 2012 வரை வந்த அழைப்புகளைத் தொகுத்தார்கள். கலப்பில்லாத டீ ட்ரீ எண்ணெயால் பாதிக்கப்பட்ட நாய், பூனை மொத்தம் 443. எச்சில் ஒழுகுதல், நடை தள்ளாடுதல், கால் வலுவிழத்தல், நடுக்கம். அதிலும் பெரும்பாலானவற்றுக்கு வளர்த்தவர்களே வேண்டுமென்று தடவியது. அன்போடுதான் தடவினார்கள்.

சூடம். சாமிக்குக் காட்டுகிற சூடம் எப்படித் தீங்கு செய்யும் என்று கேட்பார்கள். சூடம் தோல் வழியாக உடலுக்குள் இறங்கும், அளவு கூடினால் வலிப்பு வரும். மனிதக் குழந்தைக்கே சூடத்தை வாயில் வைக்க விடமாட்டோம். நாய்க்குத் தடவினால் அது முதலில் என்ன செய்யும்? நக்கும்.

இனி வேப்பெண்ணெய். இங்கே நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் வேம்பு நமக்கு வெறும் மரம் இல்லை. அம்மன் கோயில் வாசலில் நிற்பது அது. பர்மியர்களும் தமா என்று சொல்லி அதன் கொழுந்தை ஙப்பியோடு தொட்டுச் சாப்பிடுகிறார்கள். வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சிகள் தின்பதையும் தோலுரித்து வளர்வதையும் குலைக்கிறது. இது நிரூபணமான உண்மை. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண்துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியும் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கியபோது இந்தியத் தரப்பு எதிர்த்துப் போராடியது. 2000இல் அது ரத்தானது, 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பெருமைப்பட வேண்டிய வெற்றி.

ஆனால் அந்த வழக்கு செடியில் வரும் பூஞ்சையைப் பற்றியது. நாயின் உண்ணிக்கு வேப்பெண்ணெய் மருந்து என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதவில்லை. அசாடிராக்டின் வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால்தான் விவசாயிகள் திரும்பத் திரும்பத் தெளிக்கிறார்கள். கடையில் வாங்குகிற ஒரு பாட்டிலுக்கும் அடுத்த பாட்டிலுக்கும் அதன் அளவு வேறுபடும். சில மணி நேரம் சில உண்ணிகளை விலக்கி வைக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எர்லிக்கியா கிருமி உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே நாய்க்குள் இறங்க முடியும். பத்தில் நாலை விலக்குகிற தடுப்பு அங்கே தடுப்பே இல்லை.

"ஒண்ணும் பண்ணாது, இயற்கைதானே" என்பவர்களுக்கு ஒரு தகவல். 1981இல் லான்செட் மருத்துவ இதழில் மலேசியாவிலிருந்து ஒரு அறிக்கை வந்தது. சின்னச் சின்ன உபாதைக்காகக் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுத்திருந்தார்கள். வாந்தி, மயக்கம், வலிப்பு, மூளையும் ஈரலும் பாதிப்பு. நம்மைப் போலக் கடல் கடந்து போன இடத்தில், பாரம்பரியத்தை விடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் நடந்தது.

இயற்கை, கெமிக்கல் என்று இரண்டு பெட்டி கிடையாது

நான் பொறியியல் படித்தவன். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அது பாதுகாப்பானதா என்று முடிவு செய்ய முடியாது என்பது முதல் வருடப் பாடம். எவ்வளவு, எந்த உடலுக்கு, எந்த வழியில் என்பதுதான் கேள்வி.

பைரெத்ரம் என்ற பூச்சிக்கொல்லி ஒரு வெள்ளைச் சாமந்திப் பூவிலிருந்து எடுப்பது. கென்யா மலைகளில் பயிர் செய்து உலகத்துக்கெல்லாம் அனுப்பினார்கள். முழு இயற்கை. அதன் மூலக்கூறைப் பார்த்து ஆய்வகத்தில் செய்ததுதான் பெர்மெத்ரின். நாய் தாங்கும். ஆனால் நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை வெட்டி வெட்டி இழுத்துச் சாகலாம். வீட்டில் இரண்டும் வளர்க்கிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று ஸ்பினோசாட். 1982இல் கரீபியன் தீவு ஒன்றில், கைவிடப்பட்ட ஒரு ரம் சாராய ஆலையின் மண்ணில் கிடைத்த பாக்டீரியா தயாரிக்கும் பொருள். இன்று நாய்த் தெள்ளுக்கான மாத்திரையில் இருக்கிறது. மண்ணில் வாழும் உயிர் செய்ததை இயற்கை என்பீர்களா, மருந்துக் கம்பெனி அட்டைப் பெட்டியில் வருவதால் கெமிக்கல் என்பீர்களா? பெட்டிக்கு வெளியே ஒட்டியிருக்கும் சொல்லைப் பார்த்து முடிவு செய்கிறவரை நம்மை எவனும் ஏமாற்றுவான்.

நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான்

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது சீக்கிரம் புரியும். திரையில் எரர் வருகிறது என்று திரையைத் துடைத்துக்கொண்டிருந்தால் எரர் போகுமா? நாய்க்கு எண்ணெய் தடவுவதும் அதே வேலைதான். பிரச்சினை நாய் மேல் தெரிகிறது, இருப்பது வீட்டில்.

தெள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் தெள்ளு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை நாயின் மயிரில் ஒட்டாது, உதிர்ந்து பாயிலும் தரை இடுக்கிலும் விழும். அங்கே புழுவாகி, கூட்டுப்புழுவாகிக் காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் வெளியே வந்து குதிக்கும். ஒரு வீட்டில் இருக்கிற மொத்தத் தெள்ளில் நாய் மேல் தெரிவது சுமார் 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதம் உங்கள் காலடியில். ஈரக்காற்று இல்லாவிட்டால் அந்தப் புழு காய்ந்து செத்துவிடும். ஜூன் முதல் அக்டோபர் வரை யாங்கூனில் காய்கிற காற்று எங்கே? துவைத்த சட்டையே மூன்று நாள் காய்வதில்லை.

நாய் உண்ணி இன்னும் தந்திரக்காரன். மற்ற பல உண்ணிகளுக்குப் புல்லும் காடும் வேண்டும். இந்தப் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, பெருகும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்ததும் சுவர் ஏறும். கதவு நிலை, சுவர் விரிசல், திரைச்சீலை மடிப்பு, மின்சுவிட்சுப் பெட்டியின் பின்புறம் என்று ஒளிந்து 4,000 முட்டை வரை இடும். நூற்றுக்கு ஒன்று பிழைத்தால்கூட 40 புது உண்ணி. வளர்ந்த உண்ணி ஒரு வருடத்துக்கு மேல்கூடப் பட்டினி கிடந்து காத்திருக்கும். டவுன்டவுனில் நம் ஆட்கள் குடியிருக்கிற பழைய கட்டடங்களை நினைத்துப் பாருங்கள். காரை பெயர்ந்த சுவர், இருட்டு மாடிப்படி, படியின் கீழே படுத்திருக்கும் தெரு நாய்கள். புண்ணியத்துக்குச் சோறு வைக்கிறோம், நல்லது, வைக்கத்தான் வேண்டும். உண்ணிக்கு இதைவிட வசதியான மாளிகை கிடையாது.

பாட்டி உண்மையில் என்ன செய்தாள்?

1964இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பிறகு நம் சொந்தங்களில் பாதிப் பேர் கப்பல் ஏறிவிட்டார்கள். இங்கே தங்கியவர்களின் பிள்ளைகளுக்குப் பாட்டி வைத்தியம் பாட்டியிடமிருந்து வரவில்லை, சென்னையிலிருந்து யூடியூபில் வருகிறது. அதனால் உண்மையான பாட்டிகள் என்ன செய்தார்கள் என்று பெரியவர்களைப் பிடித்துக் கேட்டேன்.

எல்லோரும் சொன்னது ஒன்றுதான். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, நாயை மடியருகே இழுத்துப் போட்டு, காது மடலைத் திருப்பி, விரலிடுக்கைப் பிரித்து, ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கினார்கள். பிடுங்கியதை அடுப்புத் தணலில் போட்டார்கள். நாய் படுத்த சாக்கை வெயிலில் உதறிப் போட்டார்கள். தினம் இரண்டு வேளை பெருக்கினார்கள். சுவர் விரிசலை அப்பப்போ பூசினார்கள். நாய் வீட்டுக்கு வெளியேதான் படுத்தது. எண்ணெயும் தடவியிருப்பார்கள், மறுக்கவில்லை. வேலையைச் செய்தது அந்தக் கை.

இன்னொன்றும் சொன்னார்கள், வீடியோ போடுகிறவர்கள் சொல்லாதது. டி.டி.டி. தூளும் கமாக்சின் தூளும் கடைக்கு வந்தபோது இதே பாட்டிகள் அதை வாங்கி நாய் மேல் தூவியிருக்கிறார்கள். அது தப்பு, இன்று யாரும் செய்யக்கூடாது. ஆனால் ஒன்று தெரிகிறது. பாட்டி "நேச்சுரல்" கட்சி இல்லை. வேலை செய்கிறது என்று நம்பியதை எடுத்துக்கொண்டாள். நாம் அவளுடைய உழைப்பை விட்டுவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் பரம்பரைச் சொத்து என்று தூக்கிக்கொண்டோம்.

ஆக, இயற்கை முறை வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிறவர்களுக்கு, இதோ.

தினம் பத்து நிமிடம் நாயைத் தடவிப் பாருங்கள். காதுக்குள், காது மடலின் ஓரம், இமை, கழுத்துப் பட்டையின் அடியில், அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி, கால் விரல்களுக்கு நடுவில். உண்ணி இருந்தால் கூர்மையான சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது கூடாது. நகத்தில் வைத்து நசுக்கவும் கூடாது, உள்ளே இருக்கும் கிருமி உங்கள் விரலில் வரும். ஸ்பிரிட் ஊற்றிய மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். வெறும் தண்ணீரில் லேசில் சாகாது.

தெள்ளுக்குப் பேன் சீப்பு போதும். வாரம் இரண்டு மூன்று முறை சீவுங்கள். கறுப்புப் பொடி விழுந்தால் ஈர டிஷ்யூவில் வைத்துப் பாருங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் நாயின் ரத்தம்.

படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் நனைத்துத் துவைத்து, வெயில் அடிக்கிற நாளில் காய வையுங்கள். மின்சாரம் இருக்கிற நேரத்தில் வாக்கூம் போடுங்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007இல் பார்த்தார்கள், வாக்கூமில் உறிஞ்சப்பட்ட வளர்ந்த தெள்ளுகளில் 96 சதவீதம் செத்துப்போயின. வாக்கூம் இல்லையா, மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையைக் கட்டி அன்றே வெளியே போடுங்கள்.

சுவர் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் எல்லாம் செய்யுங்கள். மாடிப்படியின் கீழ்ப் பகுதியைப் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து மாதம் ஒருமுறை கழுவுங்கள். ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. டையட்டம் மண் தூவச் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். அது பூச்சியைக் காய வைத்துக் கொல்லும் பொடி, ஈரத்தில் வேலை செய்யாது. நம் மழையில் அது வெறும் சேறு. காய்ந்த காலத்தில் உங்கள் நுரையீரலுக்கும் நாயின் நுரையீரலுக்கும் கேடு.

இதில் எதுவும் பாட்டிலில் வராது. அதனால்தான் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

"அப்போ நீங்க மருந்துக் கம்பெனி ஆளா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். எனக்கு ஒரு கியாட்டும் வரவில்லை. மருந்துகளிலும் பிரச்சினை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. உண்ணிக்கு இப்போது அதிகம் கொடுக்கும் ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2018இல் எச்சரித்தது. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 20 ஆறுகளின் தண்ணீரைச் சோதித்த ஆய்வு 2020இல் வந்தது. எடுத்த மாதிரிகளில் 98 சதவீதத்தில் ஃபிப்ரோனில் இருந்தது. நாய், பூனை மேல் விடும் சொட்டு மருந்து குளியல் தண்ணீரோடு ஆற்றுக்குப் போயிருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். இன்யா ஏரியும் ஆறும் நம்முடையவைதான். அதனால் சொட்டு மருந்து போட்ட நாயை ஏரியில் இறக்காதீர்கள்.

ஆனால் இந்த ஆபத்து இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? அளந்தார்கள், பதிவு செய்தார்கள், வெளியிட்டார்கள். உங்கள் எண்ணெய் பாட்டிலுக்கு அந்தக் கணக்கு எங்கே? பக்கவிளைவு எழுதப்படாத பொருளைப் பக்கவிளைவே இல்லாத பொருள் என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு எதிர்ப்பு நியாயமானது. காசு. 2021க்குப் பிறகு கியாட் விழுந்த வேகத்தில் இறக்குமதி மருந்து விலை எங்கேயோ போய்விட்டது. நல்ல மாத்திரை எல்லா நேரமும் கிடைப்பதும் இல்லை. மாதாமாதம் வாங்க முடியாத குடும்பங்கள் நம்மிடம் நிறைய. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்காகத்தான் மேலே சொன்ன வேலைகளை இவ்வளவு விவரமாக எழுதினேன். சீப்புக்கும் சிமிட்டாவுக்கும் ஆகிற செலவு ஒரு பாட்டில் எண்ணெயைவிடக் குறைவு. வருடம் முழுக்க மாத்திரை முடியாது என்றால் எந்த மாதங்களில் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரையே கேளுங்கள். மலிவு என்று மாட்டுக்குத் தெளிக்கிற மருந்தைக் கண் அளவில் கலந்து நாய் மேல் ஊற்றாதீர்கள். எடை தெரியாமல் பெரிய நாயின் மாத்திரையை உடைத்துக் குட்டிக்குக் கொடுக்காதீர்கள்.

நாய் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, உடம்பு சுடுகிறது, ஈறு வெளுத்திருக்கிறது, மூக்கில் ரத்தம், வயிற்றில் சிவப்புப் புள்ளி, சிறுநீர் கறுத்துப் போகிறது, இதில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் வரை பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி "என்ன தடவலாம்?" என்று கேட்காதீர்கள்.

அடுத்த முறை குழுவில் யாராவது "சூடமும் வேப்பெண்ணெயும்" என்று போட்டால் ஹார்ட் போடாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக எப்போது உங்கள் நாயின் காதுக்குள் பார்த்தீர்கள்?" கேட்பதற்கு முன் உங்கள் நாயின் காதைப் பார்த்துவிடுங்கள். மழை வருவதற்கு முன்பே பாருங்கள், இன்று ராத்திரியே.